பருப்பு வேகாத தண்ணீர்

எங்கம்மா கல்யாணமாகி மேலகரத்துக்கு வந்த மறுநாள் சொன்ன முதல் குறை தண்ணீரைப் பற்றியது. மாமியாரைப் பற்றி இல்லை என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதென்ன தண்ணி, சப்புன்னு இருக்கு. ஓட்டுல வழிஞ்ச மழத்தண்ணியப் பிடிச்சுக் குடிச்ச மாதிரி."

அம்மா திசையன்விளைப் பக்கம். தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும் உடைமரமுமாகக் கிடக்கும் காடு. அங்கே கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு கனம் உண்டு. நாக்கில் நிற்கும். மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருப்பது. குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் என்று தாத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சாரல் காலத்தில் கிணற்றில் கையாலேயே தண்ணீர் மொள்ளலாம். அந்தத் தண்ணீரில் சோப்பைத் தொட்டாலே நுரை. தேய்த்தது போகவே போகாது, முதுகு வழவழவென்றே இருக்கும்.

தேரிக்காட்டில் இதற்கு நேர் எதிர். என் காதுகுத்துக்கு அங்கே போன பெரிய அத்தை, சம்பந்தி வீட்டில் தன் கைப்பக்குவத்தைக் காட்டியே தீருவது என்று சாம்பாருக்குப் பொறுப்பேற்றாள். காலை ஏழு மணிக்கு உலையில் போட்ட துவரம்பருப்பு பத்து மணிக்கும் முழித்துக்கொண்டு கிடந்தது. விறகு மாற்றினார்கள், பானை மாற்றினார்கள். கடைசியில் ஆச்சி வந்து ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாளாம்: "எங்கூர்ல ஒன் பருப்பு வேவாது தாயி." நாற்பது வருஷமாக எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்தக் கதை வராமல் இருந்ததில்லை. அத்தைக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஆச்சி சொன்னது விஞ்ஞானப்படியும் சரி. தேரிக்காட்டுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அந்தக் கால்சியம் பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரி திரியாக வரும். குற்றாலத் தண்ணீரில் அந்தச் சத்து ஏறக்குறைய இல்லை. அம்மா சொன்ன மாதிரி அது மழைத் தண்ணீரேதான். மலையில் பெய்து, பாறையில் வழுக்கி, பாறையிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாமல் நம் தலையில் விழுகிறது.

இந்தப் பழைய கதை திரும்ப நினைவுக்கு வந்ததற்குக் காரணம் அக்கா மகன். ஒன்பதாம் வகுப்பு. போனில் குரோஷியா நாட்டுப் பிளிட்விட்சே ஏரிகளைக் காட்டினான். பச்சை நீரும், படிப்படியாக அருவிகளும். "மாமா, இது சுண்ணாம்புக்கல் அருவியாம். வருஷா வருஷம் வளருமாம். குத்தாலமும் இப்படித்தானா?"

இல்லை மருமகனே, என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக முடிகிறதில்லை.

குற்றாலத்துப் பாறை சார்னோகைட்டும் அதோடு கலந்து கிடக்கும் நைஸ் (gneiss) என்ற வரிப்பாறை வகைகளும். நம் ஊர்ப் பேச்சில் எல்லாமே கருங்கல்தான். சார்னோகைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்பட்ட ஜாப் சார்னாக் 1690களில் இறந்துபோனார். அவர் கல்லறைக்குச் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து கல் போயிற்று. இருநூறு வருஷம் கழித்து, தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் அந்தக் கல்லின் வகைக்கு அந்த மனிதரின் பெயரையே வைத்தார். இப்படியாக நம் குற்றால மலைக்கும் ஒரு கல்கத்தாக்காரர் பெயர்.

இந்தக் கல் உருவானது பூமிக்கு அடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில். தென்பாண்டிச் சீமையின் பாறைகள் கடைசியாக அப்படி வெந்தது ஏறக்குறைய 55 கோடி வருஷத்துக்கு முன்னால். அப்போது மடகாஸ்கர் நம் மேற்குக் கரையோடு ஒட்டிக் கிடந்தது. பிரிந்து போனது 9 கோடி வருஷம் வாக்கில். மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய், அடியில் வெந்தது இன்று உச்சியில் நிற்கிறது. அச்சன்கோவில் வழியாகப் பூமியின் மேலோட்டில் ஒரு பெரிய முறிவுப் பட்டை தென்கிழக்காக ஓடுகிறது. அந்தப் பக்கம்தான் மலையும் தாழ்ந்து செங்கோட்டைக் கணவாய் ஆகிறது. 1904இல் வந்த கொல்லம் ரயிலும் அதற்குள்தான் நுழைந்தது, ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றும் அதற்குள்தான் நுழைகிறது. தமிழ்நாட்டின் பல ஊர்கள் காய்ந்து கிடக்கும்போது தென்காசிக்குச் சாரல் விழுவது அந்தச் சந்து இருப்பதனால்.

கருங்கல் கரையாது. தேயும், அதுவும் பெரும்பாலும் விரிசல் வழியாக. பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். நேரே விழுந்தால் கீழே நிற்கிறவன் எலும்பு மிஞ்சாது. நடுவில் பொங்குமாங்கடல் இருக்கிறது. தண்ணீரும் அதில் சிக்கிய உருண்டைக் கற்களும் சுழன்று சுழன்று குடைந்த பெரிய குழி. மேலிருந்து வருவது அதற்குள் விழுந்து, வேகம் உடைந்து, பொங்கி வழிந்து நம் மேல் விழுகிறது. குற்றாலத்தில் நாம் குளிப்பது அருவியில் என்று சொல்வதைவிட, ஒரு கல்தொட்டியின் வழிசலில் என்று சொல்லுவதே சரி. தாத்தா இதை எனக்குச் சொன்னபோது ஏழு வயது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அண்ணாந்து பார்க்கவே பயமாக இருந்தது.

கரையாத பாறைக்கு இன்னொரு குணமும் உண்டு, அது தண்ணீரை உள்ளே வாங்காது. மேலே காடும் மண்ணும் குடிக்கிற மட்டும் குடிக்கும், மிச்சம் அப்படியே இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அதுதான் நடந்தது. மேலே பெய்த மழை நிமிஷத்தில் காட்டாறாக வந்து ஒரு பையனைக் கொண்டுபோயிற்று. கீழே நின்றவர்களுக்கு மேலே மழை பெய்வதே தெரிந்திருக்காது. அபாயச் சங்கு, கயிறு, போலீஸ் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் வெயிலடிக்கும்போதே அருவியின் நிறம் கலங்கினால் வெளியே வந்துவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் எழுத்துக் கற்றுக்கொடுக்கும் முன்னாலேயே கற்றுக்கொடுத்திருந்தார்கள். இப்போது பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்குகிறவர்களுக்கு யார் சொல்லுவார்?

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த ஈரத்தைச் சரியாக மோப்பம் பிடித்தார்கள். 1800 வாக்கில் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டுக் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்தார்கள். இந்தியாவில் கிராம்பு முதலில் வேர்விட்டது இங்கே என்பார்கள். இன்றைக்குச் சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் அந்த வரிசையின் கடைசி ஆட்கள். அது வேறு கதை.

சரி, சுண்ணாம்பு அருவி.

மழைத் தண்ணீர் காற்றிலும், அதைவிட அதிகமாக வேர் படர்ந்த மண்ணிலும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிக்கும். கோலி சோடா அளவுக்கெல்லாம் இல்லை, ரொம்ப ரொம்ப லேசாக. அந்தப் புளிப்புக்குக் கருங்கல் அசையாது. சுண்ணாம்புக்கல் கரையும். கரைந்தது தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். எங்கேயாவது தண்ணீர் சிதறி விழுந்து, அந்த வாயு வெளியேறினால், கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படியும். பாசி மேல், இலை மேல், குச்சி மேல் படியும். பிளிட்விட்சேயில் அருவி வளருவது இப்படி. கருங்கல் அருவி மலையைத் தின்று பின்வாங்கும். சுண்ணாம்பு அருவி தானே மலை கட்டும். நம் நாட்டில் டேராடூன் பக்கத்துச் சகஸ்ரதாராவில் இதைப் பார்க்கலாம். சுண்ணாம்புப் பாறையில் ஊறிய நீர் நூறு இடத்தில் கசிந்து விழுகிறது.

"அப்போ நம்ம பக்கத்துல இல்ல" என்றான் மருமகன், சற்று ஏமாற்றமாக.

இருக்கிறது. விழுகிற திசைதான் வேறு.

2021 மழைக்காலம் பலருக்கு நினைவிருக்கும். கார்த்திகையில் விடாத மழை. திசையன்விளைப் பக்கம் அப்படி மழை பெய்தால் அதுவே செய்தி. குளங்கள் மறுகால் பாய்ந்தன. அம்மா வழியில் மாமா மகன், வயதில் சின்னவன், போன் செய்தான். "அத்தான், ஆயன்குளத்துல ஒரு கெணத்துக்குள்ள ஓடைத்தண்ணியத் திருப்பி விட்டிருக்காவ. நாளு கணக்கா விழுது. நெறையவே மாட்டேங்கு. வந்து பாருங்க."

போனேன். ஊருக்கு வெளியே சாதாரணமான தோட்டத்துக் கிணறு. அதைச் சுற்றிச் சனம், பைக், சுண்டல் வண்டி, கடலை வண்டி. குற்றாலத்துச் சீசன் மாதிரியே இருந்தது, துண்டு மட்டும்தான் இல்லை. செம்மண் கலங்கிய தண்ணீர் ஓடையிலிருந்து புரண்டு வந்து கிணற்று விளிம்பில் மடங்கி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அருவிச் சத்தம்தான். ஆனால் எதிரே நின்று கேட்கிற சத்தம் இல்லை, காலுக்கு அடியிலிருந்து வருகிறது. குனிந்து பார்த்தால் நுரையும் இருட்டும். அவ்வளவு விழுந்தும் மட்டம் மேலே வரக் காணோம்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொருவர், "பாதாளம் வரைக்கும் போவுது" என்றார். வேறொருவர், "கடலுக்கே போவுது, ஒவரியில போய்ப் பாத்தா தெரியும்" என்றார். டிவிக்காரர்கள் அதற்கு 'அதிசயக் கிணறு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து ஐஐடி ஆட்கள் வந்து ஆராய்ந்து, அடியில் சுண்ணாம்புப் பாறை, அதைத் தண்ணீர் கரைத்துக் கரைத்துக் குகையும் வழியுமாக ஆக்கி வைத்திருக்கிறது, கிணறு அந்த வழியில் போய்த் திறந்திருக்கிறது என்று சொன்னார்கள். ஆந்திராவின் பெலும் குகையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக நிலத்துக்கு அடியில் தண்ணீர் குடைந்த வீதிகள். மேலே நின்றால் வெறும் வயல். சுண்ணாம்புச் சீமையில் ஆறு மேலே ஓட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

எனக்கு அன்றைக்கு அதிசயமாகப் பட்டது கிணறு இல்லை. மேலகரத்துத் தாத்தா வீட்டிலிருந்து ஒரே ஒரு காலைப் பொழுது பஸ் பயணத்தில், தண்ணீரை ஒரு பொட்டு உள்ளே விடாத பாறையும், விட்டதையெல்லாம் விழுங்கும் பாறையும் இருக்கின்றன. இரண்டையும் பார்த்தே வளர்ந்திருக்கிறேன். பருப்பு வேகவில்லை என்று சிரித்தோமே தவிர, பானைக்குள் வந்து கிடந்தது கரைந்த பாறை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேரிக்காட்டு ஆட்களுக்குச் சுண்ணாம்பு புதிதில்லை. பதநீர்க் கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவாமல் பனையேறி மரத்தில் கட்ட மாட்டார். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்களைச் சுண்ணாம்பின் காரம் தலையெடுக்க விடாது. விடியற்காலையில் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தால் அடியில் லேசாக ஒரு சுண்ணாம்பு மணம் இருக்கும். அது இல்லாவிட்டால் எனக்குப் பதநீர் மாதிரியே இருப்பதில்லை. ஆச்சி வீட்டுச் சுவர் பூச்சுக்கும் சுண்ணாம்போடு கருப்பட்டித் தண்ணீர் சேர்த்தார்கள் என்பாள். சிப்பியைக் காளவாசலில் சுட்டு, தண்ணீர் தெளித்து நீற்றும்போது அது சீறிக் கொதிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கமே அண்ட விடமாட்டார்கள். சுடும்போது வெளியே போன கரியமில வாயுவைச் சுவரில் பூசிய சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிவிடும். ஆக, வெள்ளையடித்த வீட்டுக்குள் இருக்கிறவர்கள் ஒரு மெல்லிய சுண்ணாம்புக்கல் குகைக்குள் இருக்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு படலம் கூடும்.

இன்னொரு சுண்ணாம்பும் நம் சீமையில் உண்டு, திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில். ஊர்ப் பெயரிலேயே ஊற்று இருக்கிறது. 1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை அங்கே வந்தது. நிறுவியவர்களில் ஒருவரான கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயர் பெயரில்தான் சங்கர் நகர். அந்தச் சுண்ணாம்புக்கல் பழங்காலக் கடலடி வண்டல், பிற்பாடு ஆழத்தில் வெந்து பளிங்கு மாதிரிப் படிகமாகிப் போனது. ஒரு காலத்தில் மாவட்டத்தில் வீடு கட்டினவர்கள் பலரும் அந்தக் கல்லை மூட்டையில் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், குற்றாலத்தில் விழுகிற சிற்றாறு தென்காசியைத் தாண்டிக் கிழக்கே ஓடி, தாழையூத்துக்குச் சற்று வடக்கே கங்கைகொண்டான் வழியாகப் போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. கருங்கல்லில் பிறந்த தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் வாசல் வரைக்கும் வருகிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு எந்த ஊர் வரைக்கும் வேகிறது என்று ஒரு சாம்பார் யாத்திரை போகலாம் என்று எனக்கு ஆசை. அத்தையைக் கூப்பிட்டால் அடிப்பாள்.

ஆயன்குளத்துக்கு வருகிறேன். அன்றைக்கே அங்கே நின்றவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்: வீணாகக் கடலுக்குப் போகிற வெள்ளத்தையெல்லாம் இதில் இறக்கிவிட்டால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் ஊறுமே என்று. நியாயமான ஆசை. மழை குறைந்த தாலுகா. தாமிரபரணியின் வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாக எம்.எல். தேரி வரைக்கும் கொண்டுவரும் 75 கிலோமீட்டர் கால்வாய் 2009இல் தொடங்கி 2025இல்தான் திறந்தது. பதினாறு வருஷம் ஒரு கால்வாய்க்குக் காத்திருந்தவர்கள், விழுங்குகிற கிணறு ஒன்றைக் கண்டால் விடுவார்களா?

எனக்கு அதில் ஒரு பயமும் இருக்கிறது. மணலில் இறங்கும் தண்ணீர் வடிகட்டி இறங்கும். சுண்ணாம்புக் குகையில் இறங்கும் தண்ணீர் வடிகட்டாது. ஓடையில் வருகிற பூச்சிமருந்தும் சாணமும் பாலித்தீன் பையும் குழாயில் போகிற மாதிரிப் போகும், யார் கிணற்றில் எட்டிப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. வண்டல் போய்ப் போய் அந்த வழிகளே அடைத்துக்கொள்ளவும் கூடும். முன்னால் ஒரு தெளியவைக்கும் குழியும் சல்லடையும் போட்டு, முதல் வெள்ளத்தை ஒதுக்கி, பிறகு இறக்குவதுதான் முறை. இதை மாமா மகனிடம் சொன்னபோது, "நீங்க சொல்லுதது சரிதான் அத்தான். ஆனா தண்ணி வார நேரத்துல எவன் நின்னு சல்லட போடுவான்?" என்றான். எங்கள் ஆச்சி வீட்டுப் பழைய கிணறு இன்றைக்குக் குப்பைக் குழி. யாரையும் சொல்வதற்கில்லை, குழாய்த் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் நாங்களே போட்டதுதான். அதன் அடியிலும் சுண்ணாம்புதானே. அது எங்கே போய்த் திறக்கிறதோ.

கடலுக்கே போகிறது என்று அந்த ஆள் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. கரையோரத்தில் நன்னீர் கடலை நோக்கி நகர்ந்துகொண்டேதான் இருக்கும். உப்புத் தண்ணீரைவிட இலேசானது, அதனால் அதன் மேலே மிதந்து நிற்கும். திருச்செந்தூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நாழிக்கிணறு நல்ல தண்ணீர் கொடுப்பதற்கு முருகன் வேல் ஊன்றியது ஒரு காரணம், இது இன்னொரு காரணம். இரண்டையும் ஒரே மூச்சில் நம்புவதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

மருமகனுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவன் பாதியிலேயே போனுக்குத் திரும்பிவிட்டிருந்தான். ஆனால் கடைசியில் ஒன்று கேட்டான்: "வளருகிற கல்லை நீங்க பாத்திருக்கீங்களா?"

பரணில் ஆச்சியின் வெந்நீர் அண்டா கிடந்தது. செம்பு. இறக்கினோம். முப்பது வருஷம் தேரிக்காட்டுத் தண்ணீர் காய்ந்த அண்டா. உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளையும் மஞ்சளுமாகப் படலம். உளியால் தட்டி ஒரு சில்லை உடைத்தேன். ஓரத்தில் வரிவரியாக இருந்தது, மரத்தின் வளையம் மாதிரி. பிளிட்விட்சேயில் பாசி மேல் படிவதும் இதேதான், அங்கே குளிர்ந்த தண்ணீர், இங்கே விறகடுப்பு. ஒரு எலுமிச்சையைப் பிழிந்தேன். சில்லு சுர்ரென்று நுரைத்தது. குற்றாலத்திலிருந்து எப்போதோ பொறுக்கி வந்து புத்தக அலமாரியில் வைத்திருந்த கருங்கல் துண்டின் மேலும் பிழிந்தோம். நனைந்தது, அவ்வளவுதான்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். அண்டாவில் பாதியைத் தட்டி எடுத்திருந்தோம்.

"அத ஏம்ல பேத்தெடுத்திய? அதுல காஞ்ச தண்ணிக்கு ஒரு ருசி உண்டும்" என்றாள். மிச்சப் பாதியோடு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.